பின்கதவில் ஒட்டாத காந்தம்

பழைய கார்களைப் பரிசோதித்துச் சொல்வதே அவருடைய பிழைப்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் காந்தம் இருக்கும்; அதனால் 'காந்தக்காரர்' என்றே பேர் நிலைத்துவிட்டது. தகரத்தில் காந்தம் ஒட்டும். பெயின்ட்டுக்கு அடியில் பட்டி பூசி மறைத்த இடத்தில் வழுக்கி விழும். அடுத்தவர் மூடி வைத்ததை முப்பது வருஷமாகக் கிளறிக் கிளறி அவருக்கே அலுத்துப் போயிருந்தது. முட்டி வேறு, மடக்கினால் நிமிர மாட்டேன் என்று அடம்பிடித்தது.

அன்று காலை அவரை அழைத்தவர்கள் ஒரு அண்ணனும் தங்கையும். மூன்று மாதத்துக்கு முன் இறந்த அப்பா இரண்டு கார்களை விட்டுப் போயிருந்தார். ஆளுக்கொன்று என்று எழுதியவர், யாருக்கு எது என்று எழுதவில்லை.

"ரெண்டையும் ஒப்பிட்டுச் சொல்லிடுங்க சார். பின்னாடி பேச்சு வரக் கூடாது," என்றார் அண்ணன்.

முதல் கார் காந்தக்காரரைவிட மூத்தது. உருண்டை முகப்பு, சீட் பெல்ட் கிடையாது, பிரேக்கில் ஏறி நின்றால்தான் நிற்கும். கெஞ்சிக் கூத்தாடினால்தான் இன்ஜின் கண் விழிக்கும். ஆனால் தகரம் கல் மாதிரி. மற்றது முப்பது வருஷம் இளையது. பெட்டி போன்ற உடம்பு, பட்டனைத் தொட்டால் இறங்கும் கண்ணாடி, சாவியைத் திருப்பியதும் மறுபேச்சில்லாமல் கிளம்பும் இன்ஜின்.

"தினம் ஓட்டணும்னா இது. நிறுத்தி வச்சு அழகு பாக்கணும்னா அது," என்றபடி இளைய காரின் பின்கதவில் காந்தத்தை வைத்தார். அது விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

"இங்க பலமா அடி வாங்கியிருக்கு."

"சுவத்துல லேசா உரசிட்டேன்னுதானே அப்பா சொன்னாரு?" என்றார் அண்ணன். "கண்ணு மங்கிடுச்சுன்னு அன்னைக்கே நான்தான் சாவியை வாங்கி வச்சேன்."

"உரசினா கோடுதான் விழும் சார். கதவோட உள்பக்கமே குழிஞ்சிருக்கு. இது வேகமாத் திரும்பி, கம்பத்துல மோதினது."

தங்கை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தாண்ணா. லைசென்ஸ் இல்லாம எடுத்துட்டுப் போனேன். நீ சாவியைக் கேட்டப்போ சொல்லத்தான் வந்தேன். அப்பா என்னைப் பாத்து வேணாம்னு தலையாட்டினாரு."

அண்ணன் அந்தப் பின்கதவைக் கையால் தடவிப் பார்த்தார். "எட்டு வருஷம்," என்றார். "வீட்டுல ரெண்டு காரை வச்சுக்கிட்டு பஸ்ஸுல போனாரு. அப்பாவைப் பத்திரமாப் பாத்துக்கிறேன்னு நான் பெருமை பேசிட்டிருந்தேன்."

காந்தக்காரருக்கு எங்காவது படுத்துவிட்டால் தேவலை என்றிருந்தது. போய்ச் சேர்ந்த ஒரு மனிதர் கட்டிக் காத்ததைப் போட்டு உடைத்தாயிற்று.

"எனக்குத் தெரியாமப் போச்சும்மா," என்றார்.

"கூப்பிட்டது நாங்கதானே சார்." தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்த அடிபட்ட வண்டி எனக்கு இருக்கட்டும்ணா." அண்ணன் சரியென்று தலையசைத்தார்.

'பழைய அடி. பழுது சீராகப் பார்க்கப்பட்டுள்ளது' என்று மட்டும் அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுக் காந்தக்காரர் வீடு திரும்பினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார்.

"நாளைக்கு யாரு கூப்பிட்டாலும் ஊர்ல இல்லைன்னு சொல்லிடு."

"போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க," என்றபடி மனைவி தட்டைக் கொண்டு வந்து வைத்தாள்.