அப்பாவுக்காக ஒரு வக்கீல் எழுந்து நின்ற நாள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த தண்டில் துரைமார் வீடுகளுக்குத் துணி வெளுப்பவர். அம்மா இஸ்திரி போடுவாள். அல்சூரில் எங்கள் தெருவில் யாருக்குத் தபால் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்பிலேயே இங்கிலீஷில் காகிதம் எழுதுகிறாள் என்று பேர். அந்தப் பெருமையில் நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடப்பேன்.

அதனால் அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனபோது, அவரை வெளியே கொண்டுவர என் கையெழுத்தே போதும் என்று நினைத்தேன்.

ஒரு துரை வீட்டுக் கோட்டு காணாமல் போய், சந்தையில் பழைய துணி விற்பவரிடம் அகப்பட்டது. அதைக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று அவருக்கு அடையாளம் சொல்லத் தெரியவில்லை. ஆனால் காலரின் உள்பக்கத்தில் சேராங்கொட்டைச் சாற்றால் போட்ட சலவைக்குறி இருந்தது. ஒரு கோடு, இரண்டு புள்ளி. ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்குப் போய்விடாமலிருக்க, வீட்டுக்கு ஒரு குறி போடுவது எங்கள் வழக்கம். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் அது போகாது.

யார் குறி என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார். "நான் போட்டதுதான் சாமி. தப்புதான், மன்னிச்சிடுங்க" என்றிருக்கிறார் அப்பா. எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். பித்தான் உடைந்தாலும், துணி தொலைந்தாலும், பிழை யாருடையது என்று பார்க்காமல் முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள். அப்போதுதான் அந்த வீடு கையைவிட்டுப் போகாது. இன்ஸ்பெக்டர் அதை எழுதி, அப்பாவின் கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டார்.

நான் மாஜிஸ்திரேட்டுக்கு மனு எழுதினேன். என் ஏழைத் தகப்பனாரின் பிழையைப் பொறுத்து இந்த ஒரு முறை கருணை காட்ட வேண்டும் என்று, மூன்று தடவை திருத்தி, ஓர் எழுத்துப் பிழை இல்லாமல். அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. கம்மலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, "வா, வக்கீலாண்ட போலாம்" என்றாள்.

"எதுக்கும்மா? நான் எழுதினதைவிட அவரு என்னத்தை எழுதிடப் போறாரு?"

"எழுதினே சரி. அங்க நின்னு பேசறது யாரு, நீயா?"

வக்கீல் நடுவயதுக்காரர். முழங்கையில் நைந்த கறுப்புக் கோட்டு. என் மனுவைக் கடைசிவரை படித்தார்.

"யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"இங்கிலீஷ் ரொம்பச் சுத்தம். இதை மட்டும் கோர்ட்டில குடுத்திருந்தா உங்க அப்பாவை நீயே ஜெயிலுக்கு அனுப்பியிருப்பே."

எனக்குக் காது சுட்டது.

"பிழையைப் பொறுக்கணும்னு எழுதியிருக்கியே, என்ன பிழை? அவர் எடுத்தாரா?"

"எடுக்கல சார்."

"அப்புறம் எதைப் பொறுக்கச் சொல்றே?"

அம்மா குறுக்கே புகுந்தாள். "எடுக்கலைன்னு நாங்க எப்படி சாமி காட்டறது? எங்களுக்குச் சாட்சி யாரு வருவாங்க?"

"நீங்க ஒண்ணும் காட்ட வேண்டாம்மா. எடுத்தார்னு சொல்றவங்கதான் காட்டணும். அவங்களால முடியலைன்னா விட்டுடணும். சட்டம் அப்படித்தான்."

கேலி செய்கிறாரா என்று அம்மா என் முகத்தைப் பார்த்தாள். எனக்கும் அதே சந்தேகம். ஒரு பக்கம் துரை, ஒரு பக்கம் போலீஸ். பாடுபட வேண்டியது அவர்களாம், அப்பா சும்மா நிற்கலாமாம்! இத்தனை வருஷப் படிப்பில் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

வக்கீல் அப்பாவை லாக்கப்பில் பார்த்து, 'நான் செய்யல' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார். விசாரணை நாளில் அப்பா கூண்டில் நின்று, "நான் செய்யல சாமி" என்றார். அடுத்த வார்த்தை உதடுவரை வந்ததைப் பின்பெஞ்சிலிருந்தே பார்த்தேன். வக்கீல் திரும்பிப் பார்த்தார். அப்பா விழுங்கிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் ரேகை வைத்த காகிதத்தைப் படிக்கத் தொடங்கினார். வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. போலீஸ் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். மாஜிஸ்திரேட் வெள்ளைக்காரர். இந்தத் துரையோடு டென்னிஸ் ஆடுகிறவர் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, காகிதத்தை மடித்து வைக்கச் சொன்னார். இன்ஸ்பெக்டர் மடித்து வைத்தார்.

எங்கள் தெருவே கண்டு ஒதுங்கும் மனிதரை, அச்சடித்த இரண்டு வரி நிறுத்திவிட்டது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த வரிகள் அங்கே இருந்திருக்கின்றன. அப்பாவுக்காக அவற்றை எழுந்து படிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பிறகு துரை சாட்சி சொன்னார். போட்டிருக்கும் சட்டையின் காலரை மடித்துப் பார்க்க முடியுமா என்று வக்கீல் பணிவாகக் கேட்டார். ஒரு கோடு, இரண்டு புள்ளி. "இதையும் என் கட்சிக்காரர்தான் திருடினாரா?" துரையே சிரித்துவிட்டார்.

கடைசியாக அவர் வீட்டு பட்லர்.

"கோட்டு வெளுத்துத் திரும்பி வந்துச்சா?"

"வந்துச்சுங்க. நான்தான் மடிச்சு அலமாரியில வெச்சேன். அதுக்கப்புறம்தான் காணோம்."

வக்கீல் இன்ஸ்பெக்டரை ஒரு தரம் பார்த்துவிட்டு அடுத்ததைக் கேட்டார்.

"இதைப் போலீஸ்ல ஏன் சொல்லல?"

"குறி யாருதுன்னுதான் கேட்டாங்க. கோட்டு திரும்பி வந்துச்சான்னு யாருங்க கேட்டாங்க?"

எத்தனையோ நாளாக அந்தப் பதில் அந்த மனிதரிடம் இருந்திருக்கிறது. அதற்கான கேள்வி எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை, இங்கிலீஷ் படித்த எனக்கும்தான்.

மாஜிஸ்திரேட் இரண்டு வாக்கியம் சொன்னார். குமாஸ்தா அதைத் தமிழில் 'விடுதலை' என்றார். அம்மா என் கையை வலிக்கப் பிடித்தாள். அப்பா மட்டும் அசையாமல் கூண்டிலேயே நின்றிருந்தார். பக்கத்திலிருந்த கான்ஸ்டபிள் அவர் தோளைத் தட்டினார்.

"இன்னும் என்னய்யா நின்னுக்கினு இருக்கே? எறங்கு."

"நானேவா?"

"பின்னே, பல்லக்கு வருமா?"

அப்பா கூண்டுக் கதவின் கொக்கியைத் தானே தூக்கித் திறந்து, படியிறங்கி எங்களிடம் நடந்து வந்தார்.