எட்டுக்கு நடுவில் ஒரு ஜெபம்

போன புதன்கிழமை, ஆர்டிஓ மைதானத்தில், டூவீலர் லைசென்ஸுக்காக மூன்றாவது தடவையாக எட்டு போடப் போய் நின்றேன்.

(வயது நாற்பத்திரண்டு. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் என்னை "ஆன்ட்டி" என்றாள். மன்னித்துவிட்டேன்.)

முதல் தடவை பாதி எட்டில் காலை ஊன்றினேன். இரண்டாவது தடவையும் அதே இடம், அதே கால். கால் தரையில் பட்டால் அவ்வளவுதான், அடுத்த வாரம் வரச் சொல்வார்கள்.

இந்த லைசென்ஸ் எனக்கு ஆசைக்கு இல்லை.

நான் வெள்ளிமலை பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் ஊரிலிருந்து கச்சிராயபாளையம் வந்து காலையில் மலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்துக்கு ஊரில் டவுன் பஸ் கிடையாது. பதினோரு வருடமாக என் வீட்டுக்காரர்தான் வண்டியில் கொண்டுவந்து விடுவார்.

ஆறு மாதத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பாதி. பேச்சு அதைவிடக் கம்மி. ஒரு நேரத்துக்கு ஒரு வார்த்தைதான் வரும்.

இத்தனை நாள் கொழுந்தனார் கொண்டுவந்து விட்டார். அடுத்த மாதம் அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறார். எனக்கு வண்டி ஓட்ட வராவிட்டால், இவரை விட்டுவிட்டு மலையிலேயே ரூம் எடுத்துத் தங்க வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும். இரண்டுமே என்னால் ஆகாது.

ஆகவே ஜெபித்தேன். வம்பே அங்கேதான்.

இரண்டாவது தடவை காலை ஊன்றியதும் அதிகாரி கூப்பிட்டார்.

"இன்னாம்மா, நடுவுல வந்தா கண்ண மூடிக்கிறீங்க?"

நான் மூடினேனா? எனக்கே தெரியாது!

யோசித்துப் பார்த்தால், ஆமாம். எட்டின் இரண்டு வளையமும் சேருகிற இடத்தில் வண்டி ஆடும். ஆடினால் பயம். பயந்தால் "ஆண்டவரே". "ஆண்டவரே" என்றால் கண் தானாக மூடிக்கொள்ளும். சண்டே ஸ்கூலில் போட்ட பழக்கம். (திறந்தால் டீச்சர் தலையில் குட்டுவார்.)

"ஜெபம் பண்ணேன் சார்."

"பண்ணுங்க, வேணான்னு சொல்லல. வண்டிய வுட்டு எறங்கினதுக்கு அப்பறம் பண்ணுங்க."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் அழுதேன்.

வீட்டில் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை. மறுநாளே கொழுந்தனாரை விட்டு நெற்களத்தில் சாம்பலால் பெரிய எட்டு போட வைத்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் கைத்தடியோடு உட்கார்ந்துகொண்டார். நான் நடுவில் வந்தால் போதும், தடியால் தரையில் ஒரு தட்டு.

"கண்ணு!"

காலையும் மாலையும் இதே பாட்டு. பக்கத்து வயலில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "யக்கா, கண்ணு!"

மூன்றாம் நாள் எனக்குக் கோபமே வந்துவிட்டது. வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"கண்ணத் தெறந்துக்கினு எப்படிங்க ஜெபம் பண்றது? பயமா இருக்குதுங்க."

இவர் தடியை ஊன்றி மெல்ல எழுந்தார். என்னைப் பார்த்தபடியே ஒரு அடி வைத்தார். "ஸ்தோத்திரம்." இழுத்து இன்னொரு அடி. "ஸ்தோத்திரம்." உடம்பு ஆடியது. கண்ணை மூடவில்லை. அந்த ஒரு வார்த்தை மட்டும் முதல் நாளிலிருந்தே இவருக்குக் குழறாமல் வரும். நாலு அடி நடந்து வந்து, என் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆறு மாதமாக இப்படித்தான் நடக்கிறார். தினமும் பார்க்கிறேன். அது ஜெபம் என்று எனக்கு உறைக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆறு மாதம் நான் நிறைய ஜெபித்தேன். அதில் பாதி ஒளிந்துகொள்வது. கண்ணை மூடினால் இவருடைய கால் தெரியாது, ஸ்கேன் ரிப்போர்ட் தெரியாது. ஆண்டவரைப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதை தெரியாமல் போனதுதான் மிச்சம்.

புதன்கிழமை. என் முறை வந்தது.

"ஸ்தோத்திரம், லெஃப்ட்டு. ஸ்தோத்திரம், ரைட்டு" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனேன். (மானம் இரண்டாவது தடவையே போய்விட்டது.)

நடுவில் வந்ததும் வண்டி ஆடியது. இமை கீழே இறங்கப் பார்த்தது. கண்ணை ஏறெடுத்தேன். மேற்கே நீலமாக எங்கள் மலை நின்றது. நான் தினமும் போகிற மலை. அதையே பார்த்தேன். ஒத்தாசை வந்தது. வண்டி தானாக நேரானது.

எட்டு முடிந்தது. கால் ஊன்றவே இல்லை!

அதிகாரி பேப்பரில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"யார்கூடம்மா பேசிக்கினே வந்தீங்க?"

"ஆண்டவர்கூட சார்."

"லைசென்ஸு உங்க ஒருத்தர் பேர்லதான் வரும். பரவால்லியா?"

பரவாயில்லை என்றேன்.

வியாழக்கிழமை காலை நானே வண்டியை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் போய் மலை பஸ்ஸைப் பிடித்தேன். கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. அதே கால், அதே மாத்திரை, அதே பிசியோதெரபி. ஆனால் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தபோது மனசு நிறைந்திருந்தது. அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை சர்ச். "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார் போதகர். நான் மூடவில்லை. புதுப் பழக்கம். திறந்த கண்ணோடு நன்றி சொல்லிக்கொண்டே இவர் பக்கம் திரும்பினேன். இவரும் திறந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குனிந்து என் காதில் சொன்னார்.

"கண்ண மூடு. இது சர்ச்சு."

எண்ணிப் பார்த்தேன். நாலு வார்த்தை. ஒன்றுகூடக் குழறவில்லை.

மூடிக்கொண்டேன். அழுகை வெளியே தெரியக் கூடாதே.