இரண்டேமுக்கால் சுண்டு மா

வெனிலா மணம் வீடு முழுக்க நிறைந்திருந்தது... ஓவனைத் திறந்தால் கேக்கின் நடுவில் பெரிய குழி.

அதுதான் நான் ஓடருக்குச் செய்த முதல் கேக்.

அதுவரை தர்மபுரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி கார்மெண்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கிழமை லீவு போட்டுவிட்டு, இனிப் போகமாட்டேன், வீட்டில் கேக் அடித்து விற்கப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அந்தப் போகம் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எங்கள் வயலுக்கு வரவில்லை, என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அப்படியிருந்தும் என் மனுசன் சண்டை பிடிக்கவில்லை.

"செய்து பாரும். சரிவராட்டி திங்கக்கிழமை பழையபடி பஸ் ஏறும்" என்றார்.

என்னோடு வேலை செய்த முல்லைத்தீவு ரோஸ் அக்கா, மகளின் முதல் நன்மைக்குக் கேக் கேட்டிருந்தார். ஞாயிறு சேர்ச்சில் பூசை.

ரெசிப்பி போனில் இருந்தது. மா, சீனி, பட்டர் ஒவ்வொன்றும் ஐந்நூறு கிராம். பட்டர் பெட்டியில் கிராம் போட்டிருக்கும். மற்றதுக்கு? வீட்டில் தராசு இல்லை. இருந்தது அரிசி அளக்கிற சுண்டு மட்டும்தான், அதுவும் ஒரு பழைய பால்ரின். நாலு சுண்டு அரிசி ஒரு கிலோ என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அப்போ அரைக்கிலோ மா, இரண்டு சுண்டு... என்ன புத்தி பாருங்கள்.

மா போதாமல்தான் அந்தக் குழி.

சரி, கூட்டுவோம் என்று அடுத்த நாள் சுண்டைக் குவித்து அளந்தேன். நெல்லுக் குவிகிற வீட்டில் வளர்ந்த கை. தலைதட்டி அளந்தால் வீட்டில் ஒன்றும் தங்காது என்று அம்மா ஏசுவா. போதாததற்கு உள்ளங்கையால் அமத்தியும் விட்டேன். அந்தக் கேக்கில் கத்தி இறங்கவில்லை.

"இப்பிடிப் பத்துத் தந்தீரெண்டால் கிணத்துக்கட்டு கட்டியிடலாம்" என்றார் மனுசன்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கோபம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை பலசரக்குக்கடை திறந்ததும் போய் நின்றேன். சுண்டு, அரிசி, மா, சீனி எல்லாம் பையில்.

"அண்ணை, இதுகளை ஒருக்கா நிறுத்துத் தாங்கோ."

"என்ன தங்கச்சி, வீட்டுச் சாமானைக் கொண்டந்து என்ர தராசிலை நிறுக்கிறியள்?"

"ஓம் அண்ணை. முதல் வெறும் சுண்டை வையுங்கோ."

ஒவ்வொன்றும் மூன்று தரம். கத்தியின் முதுகால் சுண்டைத் தலைதட்டினேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. அரிசி இருநூற்றைம்பதுக்கு மேல். சீனி இருநூற்று அறுபத்தைந்து. மா வெறும் நூற்றெண்பது. அதே சுண்டுதான்... எனக்கு விசர் பிடித்த மாதிரி இருந்தது. அண்ணையே கணக்குப் பார்த்து ஒரு துண்டில் எழுதித் தந்தார். மா இரண்டேமுக்கால் சுண்டு. சீனி இரண்டு சுண்டில் இரண்டு மேசைக்கரண்டி குறைய.

சனிக்கிழமை மூன்றாவது கேக். பட்டரும் அதோடு முடிந்தது, நாலாவதுக்கு வழியில்லை. ஓவனுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். நடு மெல்ல மெல்ல எழும்பியது... எழும்பினபடியே நின்றது. குசினியிலேயே இருந்து அழுதேன்.

ஞாயிறு முதல் பஸ்ஸில் கேக் போனது. பின்னேரம் ரோஸ் அக்கா போன் எடுத்தார்.

"ஒரு துண்டும் மிஞ்சேல்லை. பாதர் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினவர். என்ர தங்கச்சின்ர கலியாணத்துக்கும் நீர்தான்."

உடனே சூப்பர்வைசருக்கு எடுத்தேன். "மிஸ், நாளைக்கு நான் வரேல்லை. இனி வரமாட்டன்." மனுசன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது குசினியில் டிஜிட்டல் தராசு. கப்பைக் கிராமாக்க வேண்டுமென்றால் போனே சொல்லும். கிழமைக்குப் பத்துப் பன்னிரண்டு கேக் போகிறது. அந்தக் கிழமையை யாரும் எனக்குத் திருப்பித் தரவேண்டாம், பட்டது போதும்.

ஆனால் ஒரு கேக் எழும்புவதைப் பார்க்கவென்று உட்கார்ந்து எத்தனை வருசமாச்சு... ஓவன் மணியடித்தால்தான் இப்போது திரும்பிப் பார்க்கிறேன்.