நைனா சொன்ன நிறங்கள்

செஞ்சிக் கடைத்தெருவில் என் நைனாவுக்கு ஒரு சிறிய ஜாக்கெட் துணிக்கடை. பெண்கள் சேலையைக் கொண்டுவருவார்கள். அதற்கு இசைந்த துண்டை எடுத்துத் தருவதே அவர் தொழில். சர்க்கரை நோய் அவருடைய பார்வையைத் தின்றுகொண்டிருந்தது. எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எந்தத் தட்டில் எந்த நிறம் என்பது அவருக்கு மனப்பாடம். ஆகவே, சேலையின் நிறத்தை ஏதாவதொரு கருவி சொல்லிவிட்டால் அவர் கடையில் நீடிக்கலாம் என்று நினைத்தேன்.

நான் இலக்கியம் படிப்பவள். மின்னணுவியல், காணொளிகளில் கற்ற அளவுதான். நிற உணரி ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். கட்டைவிரல் நகமளவு, நடுவில் கண்போல ஒரு புள்ளி, சுற்றிலும் வெள்ளை விளக்குகள். துணியில் பட்டுத் திரும்பும் ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்களாகப் பிரித்துத் தரும். டியூப்லைட் வெளிச்சம் புகாதபடி அதைக் கருப்பு டப்பாவுக்குள் பொருத்தினேன். துணி ஒரு விரற்கடைத் தொலைவுக்கு வந்த பிறகே அளக்கும்படி அருகாமை உணரியையும் சேர்த்தேன். எண்களுக்குப் பெயர்கள் வேண்டியிருந்தன. நைனாவிடமே கேட்டேன்.

வெட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துத் தயங்காமல் சொன்னார்: மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வாடாமல்லி, நேவி ப்ளூ. கடைசித் துண்டு எனக்கு ஊதாவாகத் தெரிந்தது. இத்தனை வருடம் துணி பார்த்தவர் சொல்கிறாரே என்று என் கண்ணைத்தான் சந்தேகித்தேன். பெயர்களை என் குரலிலேயே பதிவுசெய்து, டப்பா பேசும்படி செய்தேன்.

மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்குப் போகும் வழியில் வாடிக்கைக்கார அம்மா ஒருவர் சேலையை நீட்டினார். நைனா டப்பாவை அதன்மேல் வைத்தார். "நேவி ப்ளூ" என்றது என் குரல். அவர் திரும்பிப் பாராமலே கைநீட்டி, மூன்றாம் தட்டிலிருந்து துண்டை எடுத்து வைத்தார்.

"இன்னாண்ணே இது? கத்திரிப்பூ சேலைக்கு நேவி ப்ளூ எடுத்து வைக்கிற? உம் மிஷினுக்கும் சுகரா?"

நைனாவும் சிரித்தார். அந்த அம்மா தானே தட்டைத் துழாவி, ஒரு துண்டை வாசல் வெயிலில் சேலையோடு வைத்துப் பார்த்து வாங்கிப் போனார்.

அவர் போனதும் வெட்டுத் துண்டுகளை அதே வெயிலில் பரப்பினேன். கருவியின் அளவுகளில் பிழையில்லை. நைனாவின் பிழைகளைத்தான் அது பிசகாமல் திருப்பிச் சொல்லியிருந்தது.

"எல்லாமே தப்பாம்மா?"

"இல்ல நைனா. டார்க் கலருங்க மட்டும்."

"அதெல்லாம் எனக்கு ஒண்ணாட்டந்தான் இருக்குது. குத்துமதிப்பா சொல்லிட்டேன். நீ அவ்ளோ ஆசையா எழுதிக்கினு இருந்த."

"பேர மாத்திடறேன்."

"மாத்து. அது சரியா சொல்லுதான்னு நான் எத வச்சி பாக்கறது?"

பெயர்களை மாற்றினேன். கருவி இப்போது கத்திரிப்பூவைக் கத்திரிப்பூ என்றே சொல்கிறது. நைனா அதைத் தொடுவதில்லை. யார் வந்தாலும், "நீங்களே எடுத்து வாசல்ல வச்சிப் பாத்துக்குங்கம்மா" என்கிறார். மீட்டர் கோலால் அளந்து வெட்டித் தருவது மட்டுமே அவருக்கு மிஞ்சியிருக்கிறது.

நேற்று வெட்டிய துண்டு கோணலாக இருந்தது. வாங்கிய பெண் அதைக் கவனித்தார். அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நானும் அதை நைனாவிடம் சொல்லவில்லை.