கராஜுக்கு வந்த மாப்பிள்ளைக் கார்

கல்முனையில் கார் திருத்தும் கராஜ் வைத்திருந்த அச்சிமுகம்மதுவுக்கு ஜப்பான் கார் என்றாலே வேப்பங்காய். பழைய இங்கிலீசுக் கார்கள் மாதம் ஒரு தரமாவது இருமிக்கொண்டு வந்து அவருக்குச் சோறு போட்டன. எழுபத்தேழுக்குப் பிறகு அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டது. ஊருக்குள் சன்னி என்ற ஜப்பான் கார்கள் வந்திறங்கின. குடும்பத்தையும் நெல்மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, கொஞ்சப் பெற்றோலில் கொழும்பு போய், ஒரு தும்மல்கூட இல்லாமல் திரும்பின. கராஜில் ஈ ஆடியது.

ஜும்ஆத் தொழுகை முடிந்து சன்னியில் ஏறுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "தகரப் பேணி! ரெண்டு மாரி தாங்காது" என்று ஏசுவார். எட்டு மாரி தாங்கியது.

மகள் ஹாஜறாவைக் கட்டிய மாப்பிள்ளையும் சன்னியில்தான் வந்து இறங்கினான். ஊர் வழக்கப்படி வீட்டையும் வளவையும் மகளுக்கு எழுதிக் கொடுத்தார். வளவுக்குள் நின்ற கராஜும் அதோடு போனது.

"மாமா, கார் வெயில்ல காயிது. கராஜ் சும்மாதானே கிடக்கு, உள்ளுக்க விடட்டா?" என்று மருமகன் பணிவாகத்தான் கேட்டான்.

அச்சிமுகம்மது கையிலிருந்த ஸ்பேனரை நிலத்தில் அடித்தார்.

"நோயே புடிக்காத முசீபத்துக் காருக்கு என்ட ஆஸ்பத்திரிக் கட்டில் கேக்குதோ?"