அக்கா எனக்குக் கொடுத்த நோய்கள்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. ஆண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் தம்பியாகிய என் வணக்கம். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். எனக்கு உடம்பு நன்றாகவே இருக்கிறது. திருமணமும் ஆகிவிட்டது. இதையெல்லாம் ஏன் நினைவு மலரில் எழுத வேண்டி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

அக்கா தாப்பா என்னும் ஊருக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தார். அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதினொரு வயது, நான் கைக்குழந்தை. அந்த வருடம் பட்டணத்திலிருந்து சில கனவான்கள் வந்து எங்களுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தார்கள். கொடுத்ததோடு போகவில்லை. மூட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி அக்காவிடம் சொல்லிப் படம் எடுத்தார்கள். "கொஞ்சம் சிரிம்மா" என்றார்களாம். படம் பத்திரிகையில் வந்தது. பள்ளிக்கூடத்தில் வெகுநாள் அக்காவுக்கு 'அரிசி மூட்டை' என்றே பெயர். அந்த அரிசியைத்தான் நாங்கள் சாப்பிட்டோம், அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அக்கா எந்தப் படத்திலும் சிரித்ததில்லை. இந்த மலரின் அட்டையில் இருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த படம். யார் மேலோ கோபமாக இருக்கிறார் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம்.

தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டதும் வேலை போய், ஈப்போ நகருக்கு வந்தோம். அக்கா தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினார். என்னைப் படிக்க வைத்தார், கல்யாணமும் செய்து வைத்தார். தாம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "வேன்ல எடம் இல்லலா" என்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வேன் வீட்டு வாசலில் சும்மா நின்றது. அக்காவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு பாயிடம் அரிசியும் பருப்பும், சந்தையில் காய்கறி, தெரிந்தவர்களிடம் மீஹூன் சேமியா, சார்டின் மீன் டின் என்று கேட்டு வாங்கி, சனிக்கிழமைதோறும் வசதி இல்லாத வீடுகளுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார்.

கொண்டுபோனது சரி, வாங்கத்தான் ஆள் இல்லை. பசியோடு இருந்தவர்கள்கூட "இப்பத்தான் சாப்பிட்டோம்" என்றார்கள். சுங்காய்ப் பக்கம் ஒரு பழைய தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த பெரியவர் கதவையே சாத்திவிட்டார். ஒரு காலத்தில் அங்கே மண்டோராக இருந்து ஆள்களை வேலைக்கு ஏவியவர் அவர். சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்தவர். "விடியக்காலப் பெரட்டுல வேலைக்கு வந்த நூறு பேருக்குப் பேர் போட்ட கை இது. நீட்டாது, போம்மா" என்று உள்ளேயிருந்தே சொன்னாராம்.

அக்கா அந்த வாரம் முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை அதே கதவின் முன்னால் நின்று, கூசாமல் ஒரு பொய் சொன்னார்.

"ஐயா, ஒங்களுக்குக் கொடுக்க வரல. என் தம்பிக்குக் கால் வெளங்கல. கொணமாகுற வரைக்கும் வாரா வாரம் பன்னெண்டு வீட்டுக்கு அரிசி போடுறதா முருகனுக்கு வேண்டியிருக்கேன். பதினொன்னு முடிஞ்சிருச்சு. நீங்க வாங்கலன்னா தெய்வக் குத்தமாயிடும்லா."

கதவு திறந்தது. பெரியவர் மூட்டையை வாங்கிக்கொண்டு, அக்காவுக்கு ஆறுதலும் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து அக்காவுக்கு வழி பிறந்தது, எனக்கு நோய் பிறந்தது. பொய்யாகச் சொன்ன பன்னிரண்டு வீடுகளும் உண்மையிலேயே சேர்ந்தன. எந்த வீட்டில் என்ன கஷ்டமோ அதையே எனக்கும் கொடுத்துவிடுவார். அப்போதுதான் அவர்கள் மனம் இளகுமாம். குடிகாரக் கணவனோடு அல்லாடும் பெண்ணிடம் நான் குடிகாரன். மூச்சிரைப்புக்காரர் வீட்டில் எனக்கும் மூச்சிரைப்பு. மகளுக்கு வரன் அமையாத வீட்டில் நான் பெண் கிடைக்காத முதிர்கன்னன். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

மருத்துவமனையில் கடைசி நாள்களில்தான் அக்கா என்னை அருகே அழைத்தார். ஏதோ உருக்கமாகச் சொல்லப் போகிறார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன்.

"தம்பி, சனிக்கெழம நீ போயிடு. படம் கிடம் எடுத்துராத. அவங்க ஒன்னப் பத்தி என்ன கேட்டாலும் 'அப்படியேதான் இருக்கு'ன்னு மட்டும் சொல்லு."

அதன் பொருள் சாவு வீட்டில் புரிந்தது. அறிமுகம் இல்லாத ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவும் போயிட்டாங்களே, இனிமே யாருப்பா ஒனக்குப் பொண்ணு பாப்பா?" என்று அழுதார். பக்கத்தில் என் மனைவி. "அப்படியேதான் இருக்கு" என்றேன். "அப்ப நான் யாராம்?" என்று மனைவி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். பின்னாலேயே ஒருவர் வந்து என் வாயை முகர்ந்து பார்த்து, "இன்னிக்காச்சும் தொடாம இருக்கீங்களே" என்று பாராட்டினார்.

அடுத்த சனிக்கிழமை வேனை எடுத்துக்கொண்டு சுங்காய்க்குப் போனேன். ஏதோ நினைப்பில், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டோர் ஐயா வீட்டுப் படிகளில் விறுவிறுவென்று ஏறிவிட்டேன். ஊன்றுகோலோடு வாசலில் நின்றவர் அக்காவின் வேனையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முருகா! கால் வந்துருச்சா? ரொம்ப சந்தோசம். அப்ப வேண்டுதல் முடிஞ்சிருச்சு. மூட்டய வேன்லயே ஏத்திடு."

அவருக்குப் பின்னால் அரிசி டின் மூடியில்லாமல் இருந்தது. அடி தெரிந்தது.

"இல்லைங்கய்யா, அப்படியேதான் இருக்கு. மாத்திர போட்டா ரெண்டு மணி நேரம் ஓடும். அப்புறம் நின்னுரும்" என்றேன். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேன்வரை நொண்டினேன். ஓராண்டாக நொண்டிக்கொண்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமை அவர் என்னை உட்காரச் சொல்லி, கைக்குட்டையில் முடிந்திருந்த ஒன்றைக் கொடுத்தார். விரல் நீளத்தில் ஒரு வெள்ளிக் கால். கால் குணமாகக் கோயிலில் காணிக்கையாகப் போடுவோமே, அது. காலமான தம் மனைவியின் மெட்டியைக் கொடுத்து மாற்றியதாகச் சொன்னார்.

"எனக்குத்தான் போயிருச்சு. ஒனக்காச்சும் நிக்கட்டும். அக்கா எடது காலுன்னு சொல்லுச்சு, அதான் எடது வாங்கினேன். நீ என்னடான்னா வலத நொண்டுற. பரவால்ல, ரெண்டுக்கும் சேத்து வேண்டிக்கிறேன்."

வேனுக்குள் உட்கார்ந்து அழுதேன். அக்காவின் காரியத்தில்கூட நான் அப்படி அழவில்லை.

அக்காவுக்கு மருத்துவம் செய்தவர்களுக்கும், அரிசியை இன்றுவரை நிறுத்தாத பாய்க்கும், பாடை தூக்கிய அண்டை அயலாருக்கும், இல்லாத என் நோய்களுக்காக விரதம் இருந்த பன்னிரண்டு வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் பன்னிரண்டு வீடுகளுக்கு மட்டும் இந்த மலர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வெள்ளிக் காணிக்கையை நான் கோயிலில் போடவில்லை. போட்டால் என் கால் குணமாக வேண்டும். குணமானால் மூட்டை வேனுக்குத் திரும்பிவிடும். அந்தக் காணிக்கை அக்காவின் படத்துக்கு முன்னால் இருக்கிறது. திதிக்கு வருகிறவர்கள் அக்காவுக்காக என்ன வேண்டுமானாலும் வேண்டிக்கொள்ளுங்கள். என் கால் சரியாக வேண்டும் என்று மட்டும் யாரும் வேண்டிக்கொள்ளாதீர்கள்.