மணல் தட்டில் பத்து நிமிடம்

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் தராசு. வீடியோ கேம் கன்ட்ரோலர்களைச் சோதித்து அனுப்புவது எங்கள் பிரிவின் வேலை. ஒரு பொத்தானை அறுபது கிராம் அழுத்தத்தில் அமுக்கினால் அது பேச வேண்டும், அதாவது அமுக்கியது பதிவாக வேண்டும். ஐம்பதிலேயே பேசினாலும் தப்பு, எழுபது கேட்டாலும் தப்பு. அதை அளக்க மேசைக்கு மேசை ஒரு அளவுகருவி கொடுத்திருந்தார்கள். தராசு அண்ணன் அதைத் தொட்டதே இல்லை. கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்குவார், "அறுபத்தெட்டு" என்பார், சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிக் கூடையில் போடுவார். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவர், இவர் கொட்டத்தை அடக்குகிறேன் பேர்வழி என்று கூடையிலிருந்து இருபதை எடுத்து அளந்து பார்த்தார். பத்தொன்பது அண்ணன் சொன்னபடியே இருந்தது. இருபதாவதை அளக்கும்போது கருவிதான் பழுதாகிவிட்டிருந்தது.

பதினாறு வருடமாக அவருக்குப் பக்கத்து மேசை என்னுடையது. எனக்கு வாய் அதிகம் என்று பிரிவில் சொல்வார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் நான் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி பாஸ் போட்ட பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஒவ்வொரு மேசையிலிருந்தும் பத்துக்கு ஒன்றை எடுத்து மறுபடி சோதிப்பது அண்ணனின் பொறுப்பு. என் மேசையை மட்டும் தாண்டிப் போய்விடுவார். "அது பார்க்க வேணாம், அது நம்ம தங்கச்சி பார்த்தது" என்பார். இப்படி ஒரு பாராட்டு எனக்கு வேறு யாரிடமும் கிடைத்ததில்லை. என் வீட்டுக்காரரிடம் சத்தியமாகக் கிடைக்கவில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. அதிர்வு ஏறாமலிருக்க மணல் நிரப்பிய தட்டின்மேல் கன்ட்ரோலரை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் யாரும் அதைத் தொடாமலிருக்க வேண்டும். அது எத்தனை தடவை பேசியது என்று எண்ணிக் காட்டும் திரையில் கடைசிவரை பூஜ்யம் நிற்க வேண்டும். ஒன்று என்று காட்டினாலும் போச்சு, நொறுக்கும் இயந்திரத்துக்குத்தான் போகும். மற்றக் குறைகளுக்கு ஈவு இரக்கம் பார்க்கிற அண்ணன் இதற்குப் பார்க்கமாட்டார். "யாரும் தொடாமலே பேசுதுன்னா, தொட்டப்ப பேசுறதையும் நம்ப முடியாதும்மா" என்பார்.

அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், பெண்கள் பார்லர் ஒன்றில் முடி வெட்டினார். எனக்கும் அவர்தான் வெட்டுவார். வெட்டிக்கொண்டே ஊர் வம்பு முழுவதையும் பேசித் தீர்ப்போம். ஒருநாள் என் பின்னந்தலையில் கத்திரி பாதியில் நின்றுவிட்டது. "என்னன்னு தெரியல, விரல் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று கையை உதறினார். அடுத்த வாரம் கத்திரி கீழே விழுந்தது. ஆறு மாதம் டாக்டர் மாற்றி டாக்டராக அலைந்த பிறகு ஒருவர்தான் உள்ளதைச் சொன்னார். கை, கால், நாக்கு என்று தசைகள் ஒவ்வொன்றாக ஓயும், கடைசியில் மூச்சு விடுகிற தசையும் ஓயும், அறிவும் கண்ணும் மட்டும் அப்படியே இருக்கும், மருந்து கிடையாது.

அண்ணி இரண்டு நாள் வாய்விட்டு அழுதார். மூன்றாம் நாள் நான் பழம் வாங்கிக்கொண்டு போனபோது முகம் கழுவி உட்கார்ந்திருந்தார். என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அண்ணனிடம் ஒரே போடாகப் போட்டார்.

"மூச்சு நிக்கிற நேரத்துல தொண்டையில ஓட்டை போட்டு மெஷின் வைப்பாங்களாம். வைக்கணுமா வேணாமான்னு என்னைத்தான் கேக்கணும். அன்னிக்கு எனக்கு என்ன தோணுதோ அதுதான். எனக்கு பதிலா நீங்க பேசக்கூடாது."

"சரி" என்றார் அண்ணன்.

"தலைய ஆட்டிட்டு அப்புறம் மாத்திப் பேசக்கூடாது."

"சரின்னு சொல்லிட்டேன்ல."

அந்த வருடம்தான் எங்கள் கம்பெனியின் புதிய கன்சோல் வந்தது. அதன் பின்புறம் ஒரு துளை இருந்தது. எந்த மாதிரி சுவிட்சையும் அதில் சொருகிக்கொள்ளலாம். காலால் மிதிப்பது, தாடையால் தள்ளுவது, குழாயில் ஊதுவது, எதுவாக இருந்தாலும் சரி. மேல்மாடியிலிருந்து டிசைன் பிரிவுக்காரர் ஒருவர் இறங்கி வந்து, "கையாலதான் விளையாடணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்று அரை மணி நேரம் பேசினார். டீ நேரம் போகிறதே என்ற கவலை எங்களுக்கு. "அடுத்து காதால ஆட்டச் சொல்லுவாங்க" என்று நான் முணுமுணுத்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்காதவர் எழுந்து நின்று, "குறைஞ்சது எத்தனை கிராம் வரைக்கும் போகலாம் சார்?" என்று கேட்டார்.

"எவ்வளவு வேணும்னாலும் குறைக்கலாம்" என்றார் அந்தப் புண்ணியவான்.

அன்றிலிருந்து அண்ணனின் வீட்டுக் கூடம் பட்டறையாகிவிட்டது. முதலில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பொத்தான் செய்தார். அண்ணி அதை உள்ளங்கையால் அடித்துக் கார் பந்தயம் விளையாடினார். அது இரண்டு பேர் ஆடுகிற விளையாட்டு. வண்டி தானாகவே ஓடும், பள்ளம் வரும்போது அமுக்கினால் தாவும். அண்ணி பள்ளத்தை விட்டுவிட்டு அண்ணனின் வண்டிமேல் தாவி இடிப்பார். "போங்காட்டம் ஆடுறா!" என்று அண்ணன் கத்துவார். நான் போகும்போதெல்லாம் அந்தக் கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். கை ஓய்ந்ததும் காலுக்கு ஒன்று செய்தார். கால் ஓய்ந்ததும் வாயால் ஊதுகிற குழாய். பேச்சுக் குழறி மூச்சும் குறையத் தொடங்கியதும், வலது கை ஆள்காட்டி விரலில் மிச்சமிருந்த அசைவுக்காகத் தபால்தலை அளவில் மெல்லிய தகடு ஒன்றைச் செய்து விரலுக்கடியில் ஒட்டினார். அமுக்கினால் ஒரு பச்சை விளக்கு எரியும், 'பீப்' என்று சத்தம் வரும். ஆடுவதற்கும் அதுதான், ஆமாம் என்று சொல்வதற்கும் அதுதான். எரியாவிட்டால் இல்லை என்று அர்த்தம்.

விரல் நாளுக்கு நாள் ஓய்ந்துகொண்டிருந்தது. அண்ணி தூங்கும்போது அண்ணன் தகட்டைக் கழற்றி அதற்கு வேண்டிய அழுத்தத்தைக் குறைப்பார், அண்ணியிடம் சொல்லமாட்டார். காலையில் விளக்கு எரிந்ததும், "பாரு, அதே இருபது கிராம்தான், அசரவே மாட்டேங்குற" என்பார். அண்ணியின் முகத்தில் ஒரு களை வரும். உண்மையில் அது எப்போதோ பத்தாகி எட்டாகிவிட்டிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் அண்ணன் வேலை மேசையில் குனிந்தபடி, "ரெண்டுக்கு கொண்டு வந்துட்டேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அஞ்சுக்குக் கீழ போனா ஃபேன் காத்துக்கே பேசும்னு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா?"

"தெரியும்."

"அப்புறம் என்னண்ணே?"

"ஒரு நாள் முழுக்க எரியலம்மா. அவ முகத்தைப் பார்க்க முடியல."

அதற்கு மேல் நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். தேவையில்லாத இடத்திலெல்லாம் திறக்கிற வாய் அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது.

அடுத்த மாதமே அந்த நாள் வந்துவிட்டது. அண்ணிக்கு மூச்சு முட்டி, பாதி மயக்கத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண் சொருகியிருந்தது. தகடு விரலடியில் இருந்தது. டாக்டர் காதருகே குனிந்து, "மெஷின் வைக்கலாமாம்மா? வேணும்னா அமுக்குங்க" என்று கேட்டார். பச்சை விளக்கு எரிந்தது. இரண்டாம் முறை கேட்க நேரமில்லை. தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் அண்ணன் வேலைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தகட்டை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"மணல் தட்டுல வச்சுப் பாரும்மா. என்னால பார்க்க முடியாது."

"எதுக்குண்ணே இப்ப? அண்ணி பிழைச்சிட்டாங்கல்ல."

"கட்டில் பக்கத்துல சளி எடுக்குற பம்பு ஓடிட்டிருந்துச்சு. கட்டிலே அதிர்ந்துச்சு. அவதான் அமுக்கினாளா, இல்ல இதுவா எரிஞ்சுச்சான்னு எனக்குத் தெரியணும்."

தட்டில் வைத்தேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்த்தேன். நான்காவது நிமிடத்தில் ஒன்று. ஆறாவதில் இரண்டு. ஒன்பதாவதில் மூன்று. பம்பும் இல்லை, கட்டிலும் இல்லை, மணலில் சும்மா கிடந்தபோதே மூன்று.

"எத்தனை?" என்றார் திரும்பாமலே.

அவருடைய முதுகு எனக்குத் தெரிந்தது. மூன்று நாளாக மாற்றாத சட்டை. "பூஜ்யம்ணே" என்றேன். சொல்லிவிட்டுத் திரையை அணைத்தேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை. "நீ பார்த்தா சரி" என்று தகட்டை வாங்கிக்கொண்டு போனார். ஓய்வறையில் அவர் குலுங்கிக் குலுங்கி அழுததாகப் பிறகு சொன்னார்கள்.

ஏழு மாதம் அண்ணி மெஷினோடு வீட்டில் இருந்தார். விரல் முழுவதும் ஓய்ந்துவிட்டது. கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தால் ஆமாம். அண்ணன் கேட்டுக்கொண்டேயிருப்பார். வலிக்குதா? திருப்பிப் படுக்கவைக்கட்டுமா? ஜன்னலைச் சாத்தவா? ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பேச முடியாதவரிடம் நாம் கேட்டதற்குத்தான் பதில் கிடைக்கும். எங்களுக்கு அது வசதியாக இருந்தது.

பிறகு கம்பெனி கண்ணால் ஆடும் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. டி.வி.க்குக் கீழே ஒரு சின்ன கேமரா, கண் போகிற இடத்துக்குத் திரையில் அம்புக்குறியும் போகும். ஆறு வீடுகளில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். முதல் வீடாக அண்ணன் வீட்டை எழுதியது நான்தான். குற்ற உணர்ச்சிக்கு மருந்து போட நினைத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நானே எடுத்துக்கொண்டு போய்ப் பொருத்தினேன். அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தார். அண்ணியின் கண் இடப்பக்கம் போனதும் அம்பும் இடப்பக்கம் போனது. "ஐயோ, இவளுக்கு வண்டி ஓட்ட லைசென்ஸ் குடுத்துட்டீங்களே!" என்று அண்ணன் குதித்தார். பழைய கார் பந்தயத்தையே போட்டோம். ஆரம்பிக்கும் முன் அது ஆடுகிறவரின் பெயரைக் கேட்கும். திரையில் எழுத்துகள் வரிசையாக வந்தன. பார்த்துக்கொண்டே நின்றால் எழுத்து விழும்.

அண்ணன் ஒவ்வொன்றாகப் படித்தார். "நா... ன்... என்னடி, பேரு மறந்துபோச்சா?" அண்ணியின் கண் நிதானமாக நகர்ந்தது. "அ... மு... க்..." அண்ணனின் குரல் நின்றுவிட்டது. மீதி எழுத்துகள் சத்தமில்லாமல் விழுந்தன.

நான் அமுக்கல.

திரை மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிப் பந்தயத்தைத் தொடங்கியது. கண் கன்ட்ரோலரில் வண்டி தானாக ஓடாது, ரோட்டைப் பார்த்தால்தான் கிளம்பும். கம்ப்யூட்டர் ஓட்டுகிற எதிர் வண்டி போய்விட்டது. அண்ணியின் வண்டி கோட்டிலேயே நின்றது. பெயருக்குப் பதிலாக அவர் எழுதியது அதன் தலைக்கு மேலே மிதந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் தவிர முகத்தில் எந்தத் தசையும் அசையாது என்பதால் அது கோபமா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை வந்துச்சு?"

"மூணு" என்றேன்.

அவர் தலையாட்டினார். அண்ணியின் காலடியில் போய் உட்கார்ந்து, "ஏழு மாசமாடி? ஏழு மாசமா?" என்று போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் தூரத்தில் இருந்துதான் தெரிந்துகொண்டேன். அண்ணன் டாக்டரை வீட்டுக்கு வரவழைத்து, மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்று தடவை கேட்கவைத்தார். மூன்று தடவையும் அண்ணி கண்ணால் முழு வாக்கியமாக எழுதினார், மூன்றும் ஒரே பதில். கடைசியில் டாக்டர்கள் தூக்கத்துக்கு மருந்து கொடுத்து மெஷினை நிறுத்தினார்கள். அதற்கு முதல் நாள் இருவரும் ஒரு பந்தயம் ஆடினார்களாம். அண்ணி இவர் வண்டிமேல் இடித்தே ஜெயித்தாராம்.

அண்ணன் மறுபடி வேலைக்கு வருகிறார். அதே மேசை, எனக்குப் பக்கத்து மேசை. "சாப்பிட்டியாம்மா?" என்று முன்போலவே கேட்கிறார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசி அழுதிருப்பேன். மாலையில் பத்துக்கு ஒன்று எடுக்க எழுந்து வரும்போது இப்போது என் மேசையிலும் நிற்கிறார். நான் பச்சை ஒட்டிய பத்தையும் எடுக்கிறார். எடுத்து, பதினாறு வருடமாகத் தொடாத அந்த அளவுகருவியை வைத்து, ஒவ்வொன்றாக அளக்கிறார்.